குற்றாலத்துக்கு ஒரு டைட்டானியம் சைக்கிள்

குற்றாலத்துக்குப் போய்வந்து எழுதுகிறவர்கள் எல்லாரும் அருவியில் ஆரம்பிப்பார்கள். நான் சைக்கிளில்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அந்த முறை நான் அருவி பார்க்கப் போகவில்லை. அக்கா மகள் வடிவின் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குச் சீராக வைக்க, சிங்கப்பூரிலிருந்து ஒரு சைக்கிளைச் சுமந்துகொண்டு போனேன். எண்பதுகளின் நடுவில் நடந்தது. இன்னமும் நினைத்தால் வயிறு எரிகிறது.

கோமதி அக்காவுக்குப் புருஷன் இல்லை. ஒரே மகள் வடிவு. தென்காசிப் பெரிய கோவிலுக்குப் பின்னால் ஒரு தெருவில் குடியிருந்தார்கள். ஊருக்குப் போய்த் திரும்பிய ஒரு தெரிந்தவரிடம் அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். "மாப்பிள்ளைக்கு மேலகரம். தென்காசியில ஆபீஸ் வேலை. தெனம் போயிட்டு வர ஃபாரின் சைக்கிள் ஒண்ணு கேக்காவ. நல்லா ஒழைக்கிறதா பாத்து நீயே கொண்டு வந்துரு தம்பி."

நல்லா உழைக்கிறதா பார்த்து! அந்த வார்த்தையில்தான் நான் விழுந்தேன். நான் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர். எந்த உலோகம் எத்தனை நாள் தாங்கும் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. குற்றாலத்துச் சாரல் எனக்குத் தெரியும். சீசன் வந்துவிட்டால் ஜன்னல் கம்பி, பூட்டு, பெட்டிக் கொண்டி எல்லாம் துருவேறிவிடும். அந்த ஈரத்தில் தினம் ஓடுகிற சைக்கிள் என்றால் சும்மா ஒன்றை வாங்கிவிட முடியுமா?

லீவு நாளெல்லாம் கடை கடையாக ஏறினேன். ஜப்பான் இரும்புச் சைக்கிள்கள் பார்க்க லட்சணமாக இருந்தன. பெயிண்ட் கீறினால் துரு உள்ளே போய்விடும். அலுமினியத்தில் ஒட்டுப் போட்ட இடம் அசைந்து அசைந்து ஒருநாள் விரிந்துவிடும். கடைசியில் ஒரு சீனர் கடையின் உள்ளறையில் இது நின்றது. ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர் ஆர்டர் கொடுத்து வரவழைத்துவிட்டு, எடுக்காமலே ஊருக்குப் போய்விட்டாராம். ரேஸ் ஓட்டுகிற சைக்கிள். சட்டம் முழுக்க டைட்டானியம்.

டைட்டானியம் எங்கள் யார்டில் கடல்தண்ணீர் ஓடுகிற குழாய்களுக்குப் போடுகிற சரக்கு. வருஷக்கணக்கில் உப்புத் தண்ணீரில் கிடந்தாலும் ஒரு புள்ளி துரு வராது. குனிந்து ஒவ்வோர் ஒட்டாகப் பார்த்தேன். நிறம் மாறாமல் வெள்ளி போல இருந்தது. காற்றுப் படாமல் வெல்டிங் செய்யத் தெரிந்தவன் கை. கடைக்காரர் மலாயில் சொன்னார்: "அண்ணே, இது சாகாது. நீங்கள் போன பிறகும் உங்கள் வீட்டுப் பேரன் ஓட்டுவான்." அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

திருநெல்வேலியில் தென்காசி பஸ்ஸின் கூரைமேல், சைக்கிளைக் கழற்றி அடைத்த அட்டைப் பெட்டியை ஏற்றியபோதே சகுனம் சரியில்லை. கண்டக்டர் ஒற்றைக் கையால் அதை மேலே தள்ளிவிட்டு, "அண்ணாச்சி, உள்ள சாமான் இருக்கா, இல்ல வெறும் பெட்டியா?" என்றார். சைக்கிள் என்றேன். "பொம்மைச் சைக்கிளா?" என்று சிரித்துக்கொண்டே விசில் கொடுத்தார்.

ஆலங்குளத்தில் பஸ் நின்றதும் டீ குடிக்க இறங்கினேன். பாதி டீயில் நிமிர்ந்து பார்த்தால், காய்கறிக் கமிஷன் கடை வாசலில் காலிக் கூடைகளோடு கூடையாக என் பெட்டி கிடக்கிறது! கூரைமேல் ஏறிய லோடுமேன் அதையும் காலிப் பெட்டி என்று நினைத்து இறக்கிவிட்டான். டம்ளரை வைத்துவிட்டு ஓடினேன். "கனமே இல்லியே, யாரு கண்டா?" என்றான் சாவதானமாக. சிங்கப்பூரில் பெட்டிமேல் எழுதியிருப்பதைப் படித்துத்தான் இறக்குவார்கள். இங்கே தூக்கிப் பார்த்து முடிவு செய்கிறார்கள். அப்போது அதைச் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் அக்கா சுட்ட தோசையையும் எள்ளு மிளகாய்ப் பொடியையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, முற்றத்தில் உட்கார்ந்து சைக்கிளின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டினேன். வடிவு பக்கத்தில் நின்று ஸ்பானர்களை எடுத்துக் கொடுத்தாள். பிளஸ் டூ முடித்த பெண். அதிகம் பேசமாட்டாள். பூட்டி முடித்ததும், "தூக்கிப் பாரு" என்றேன். ஒரு கையால் தூக்கினாள். கண் விரிந்துவிட்டது.

"எம்மா! பூனைக்குட்டிய தூக்குத மாதிரி இருக்கு மாமா."

"இதுக்கு ஆயுசுக்கும் துரு கிடையாது, தெரியுமா?" என்றேன், ஏதோ நானே சுரங்கத்தில் தோண்டி எடுத்தவன் மாதிரி.

அவள் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பின்சக்கரத்துக்கு மேலே வெறும் காற்றில் கையை வைத்து எதையோ தேடுவதுபோல நின்றாள். "என்னட்டி?" என்றேன். "ஒண்ணுமில்ல மாமா" என்று உள்ளே போய்விட்டாள். நான் செயினுக்கு எண்ணெய் விட ஆரம்பித்தேன்.

கல்யாணம் குற்றாலத்தில் ஒரு சத்திரத்தில். ஆனி கடைசி. அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்திருந்தது. கடைத்தெருவில் மங்குஸ்தானும் ரம்புத்தானும் குவித்திருந்தார்கள். எண்ணெய் தேய்ப்பவர்கள் வருகிறவன் போகிறவன் முதுகையெல்லாம் கண்ணால் அளந்துகொண்டிருந்தார்கள். சாரல் முகத்தில் அடித்தது. அத்தனை வருஷம் வெளியே கிடந்துவிட்டு அந்தக் காற்றில் நிற்கும்போது நெஞ்சு குளிரத்தான் செய்தது. அந்த மட்டில் பொய் சொல்லக் கூடாது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் சீர் பரப்பினோம். எங்கள் பக்கத்து வழக்கம் இது. அண்டா, குடம், உருளி, குத்துவிளக்கு எல்லாவற்றையும் சத்திரத்து நடுக்கூடத்தில் பாய் விரித்து வைப்போம். மாப்பிள்ளை வீட்டுச் சனம் வந்து பார்க்கும். பார்ப்பது என்றால் கண்ணால் அல்ல. ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்ப்பார்கள். விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள். கனமாக இருந்தால் முகம் மலரும். லேசாக இருந்தால் பக்கத்தில் இருப்பவளின் காதில் ஏதோ போகும். கூடத்தின் நடுத்தூணில் சாய்த்து, மாலை போட்டு என் சைக்கிளை நிறுத்தியிருந்தேன்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் ஆலங்குளத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். அன்றைக்குச் சபையில் அவர் வாக்குத்தான் தீர்ப்பு. பித்தளை அண்டாவைத் தூக்கித் திருப்தியாக இறக்கி வைத்தார். அடுத்து சைக்கிளுக்கு வந்தார். கனமாக இருக்கும் என்று நினைத்து இரண்டு கையாலும் மூச்சைப் பிடித்து ஒரு தூக்குத் தூக்கினார். அது அவர் நெஞ்சுக்கு மேலே போய்விட்டது. மாலை கழுத்தில் விழுந்தது. மனிதர் பின்னால் சாய இருந்தார். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் வினை.

சைக்கிளை இறக்கி வைத்துவிட்டு விரலால் சட்டத்தைத் தட்டினார்.

"அலுமினியம்" என்றார்.

சீரில் அலுமினியப் பாத்திரம் வைப்பது அந்தக் காலத்தில் முகத்தில் துப்புகிற மாதிரி. நான் முன்னால் வந்தேன். "அண்ணாச்சி, இது அலுமினியம் இல்ல. டைட்டானியம். கப்பல்ல போடுதது. இரும்பவிட ஒசத்தி."

"எங் கடையில பித்தள, வெங்கலம், செம்பு, எவர்சில்வர், அலுமினியம் எல்லாம் இருக்கு. நீங்க சொல்லுதது இதுவரைக்கும் யாவாரத்துக்கு வரலியே" என்றார்.

யாரோ ஒரு பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தைக் கொண்டுவந்தான். சட்டத்தில் வைத்தான். வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தான். மறுபடி விழுந்தது. "இரும்பே இல்ல பாத்துக்கிடுங்க" என்று ஊருக்கே அறிவித்தான். துருப்பிடிக்காதது என்பதற்கு அதுதானே அர்த்தம் என்று கத்தினேன். யார் கேட்டார்கள்?

அதன் பிறகு ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். பெயிண்ட்கூட அடிக்கவில்லை. மட்கார்டு இல்லை, மழையில் முதுகெல்லாம் சேறு. பெல் இல்லை. ஸ்டாண்டு இல்லை, சுவரில்தான் சாய்த்து வைக்க வேண்டும். ஹேண்டில் கிடாக் கொம்பு மாதிரி வளைந்திருக்கிறது. மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்சக்கரத்தை எட்டிப் பார்த்தாள். "கேரியர் எங்க? கட்டினவள எங்கன உக்கார வைப்பான், தலையிலயா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுரீர் என்றது. துரு பார்த்தேன், ஒட்டுப் பார்த்தேன், எடை பார்த்தேன். வடிவு எங்கே உட்காருவாள் என்று மட்டும் ஒரு நாளும் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை ஆவுடையப்பன் கடைசித் தூண் ஓரமாக நின்றிருந்தான். சிவந்த, நல்ல உயரமான பையன். வந்து ஒற்றை விரலால் சைக்கிளைத் தூக்கினான், சிரித்தான், வைத்தான். "மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான், தன் தாய்மாமனைப் பார்த்து. அவ்வளவுதான் அவன் பேசியது.

"ஊருக்கு நடுவுல அலுமினியத்த வாங்கிட்டு நாங்க தாலி கட்டுனா நாளைக்கு எவன் மதிப்பான்? கனமா ஒரு சைக்கிள் வரட்டும். பொறவு பேசுவோம்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரக்கடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். ஆடி பிறக்கப் போகிறது. இந்த முகூர்த்தத்தை விட்டால் ஒரு மாதத்துக்குக் கல்யாணம் கிடையாது. நின்றுபோன கல்யாணத்தை மறுபடி யார் கூட்டிவைப்பது? அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "போயி வாங்கிட்டு வந்துரு தம்பி, வாயத் தொறக்காத" என்றாள்.

தென்காசிக் கடைத்தெருவில் சைக்கிள் கடைக்காரர் கருப்புச் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தியிருந்தார். "எது கனமோ அதைக் குடுங்க" என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "அப்படிக் கேளுங்க அண்ணாச்சி! தூக்கிப் பாருங்க, யானைக்குட்டி!" டைனமோ, முழு செயின் கவர், டபுள் ஸ்டாண்டு, அகலமான கேரியர். உட்கார்ந்து பார்த்தேன். சட்டத்தில் ஓர் ஒட்டு அரைகுறையாக நின்றதைக் கண்டேன். நிக்கல் பூச்சுக்கு அடியில் இப்போதே ஒரு பழுப்பு. பணத்தை எண்ணிக் கொடுத்தேன். சாரலில் நனைந்துகொண்டு அந்த யானைக்குட்டியைக் குற்றாலம் வரைக்கும் மிதித்தேன். மேடு ஏறும்போது தொடை இற்றுவிட்டது. சத்திரத்தில் பாத்திரக்கடைக்காரர் அதன் பின்பக்கத்தைத் தூக்கிப் பார்த்து, முக்கி, இறக்கி வைத்து, "இது சைக்கிள்" என்றார்.

கல்யாணம் நடந்தது. மறுவீட்டில் இஞ்சிப் பச்சடியோடு சொதி ஊற்றினார்கள். தேங்காய்ப் பாலும் பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் அவ்வளவு பக்குவம். எனக்குத்தான் இறங்கவில்லை.

ஆடி பிறந்தது. வழக்கப்படி புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்து வந்தோம். வடிவின் முகம் தெளிவாகத்தான் இருந்தது. ஒருநாள் முறுக்குப் பிழிந்துகொண்டே தானாகச் சொன்னாள்.

"ஒரு நாள் அஞ்சருவிக்குக் கூட்டிட்டுப் போனாவ மாமா. பின்னால கேரியர்ல உக்காந்து போனோம். வழியெல்லாம் மழ. நல்லா இருந்திச்சு."

"பேசுவானா?"

"வீட்டுல அவ்வளவு பேச மாட்டாவ. சைக்கிள்ல போகும்போது பேசினாவ." முறுக்கைத் திருப்பிப் போட்டாள். "ஆவணியில கூப்பிட வரும்போது சைக்கிள்லதான் வரச் சொல்லியிருக்கேன்."

அந்த மாதம் முழுக்க டைட்டானியம் சைக்கிள் சும்மா கிடப்பானேன் என்று நானே ஓட்டினேன். காலையில் ஐந்தருவி, திரும்பும் வழியில் செங்கோட்டைப் பாதையில் ஒரு கடையில் பரோட்டா. காற்றுப் போல ஓடியது. மேட்டில் மூச்சு வாங்கவில்லை. சாரலில் மாதம் முழுக்க நனைந்தும் சட்டத்தில் ஒரு புள்ளி இல்லை. மேலகரத்தில் யானைக்குட்டியின் ரிம் அதற்குள் பழுத்துவிட்டதாக வடிவு சொன்னாள். எனக்கு அற்ப சந்தோஷம் ஒன்று இருந்தது.

அந்தச் சந்தோஷத்துக்கும் ஆப்பு ஐந்தருவியில் காத்திருந்தது. நான் குளித்துவிட்டு வந்தபோது ஒரு மலையாளி என் சைக்கிள் பக்கத்தில் குந்தியிருந்தார். துபாயிலிருந்து லீவில் வந்து, செங்கோட்டை வழியாகக் குளிக்க வந்தவர். "சேட்டா, இது டைட்டானியமல்லே?" என்றார். அடடா, ஒருத்தனாவது சொன்னானே என்று கட்டிப் பிடிக்காத குறை. அவர் சுற்றி நின்றவர்களிடம் கையை விரித்து விளக்கினார். துபாயில் வெள்ளைக்காரன் ஒருவன் இதே மாதிரி வைத்திருக்கிறான், இதன் விலைக்கு இங்கே புது மோட்டார் சைக்கிளே வாங்கலாம் என்றார். என்னிடம் திரும்பி, தனக்கு விற்றுவிட முடியுமா என்றும் கேட்டார்.

கூட்டத்தில் கௌபீனத்தோடு, உடம்பெல்லாம் எண்ணெய் வழிய ஒருவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆலங்குளத்துப் பாத்திரக்கடைக்காரர். கிட்டே வந்தார். எண்ணெய்க் கையால் சைக்கிளை மறுபடி ஒருமுறை தூக்கிப் பார்த்தார்.

"அப்ப இதுல விசயம் இருக்கு என்ன?" என்றார்.

அந்த வாரமே வீட்டுக்கு வந்துவிட்டார். அக்கா கொடுத்த காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "சபையில சீருன்னு வச்ச பொருள் தாயி. மாலை போட்டு வச்சாச்சுன்னா மாப்பிள்ளைக்குச் சேந்தது."

"நீங்கதானே வேண்டாம்னீய!" என்றேன்.

"கூட ஒண்ணு வேணும்னுதான சொன்னோம். இத எடுத்துட்டுப் போவச் சொன்னமா?"

"அப்ப அந்தக் கருப்புச் சைக்கிளத் திருப்பிக் குடுங்க."

"அது எங்கூட ஆலங்குளத்துக்கு வந்துட்டு. கடைக்குச் சரக்கு எடுக்க ஆச்சு." கூசாமல் சொன்னார். "ஆவணி மொத முகூர்த்தத்துல மாப்பிள்ளை வருவான். பொண்ணையும் கூட்டிக்கிடுவான், சைக்கிளையும் எடுத்துக்கிடுவான். ஒண்ணு இல்லாம ஒண்ணு வேண்டாம்னு அவனே சொல்லிட்டான்."

அவர் போனதும் குதித்தேன். சம்மட்டியால் அடித்து நொறுக்குகிறேன், இவர்களுக்குக் கொடுக்கமாட்டேன் என்றேன். அக்கா அடுப்படி வாசலில் நின்று சொன்னாள். "நீ கோவத்தக் காட்டிட்டு பிளேனு ஏறிருவ. நாங்க இங்கன இருக்கணும்."

வடிவு சுவரில் சாய்த்திருந்த சைக்கிளின் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அவள் எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

கொடுப்பதுதான் கொடுக்கிறோம், ஒரு கேரியரையாவது மாட்டிக் கொடுப்போம் என்று சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கேரியரின் கால்களைப் பூட்டப் பின்சக்கர அச்சில் நட்டு வேண்டும். இதில் நட்டே கிடையாது. ஒரு கொண்டியைத் திருப்பினால் சக்கரம் கழன்று கையில் வரும். பட்டை போட்டுச் சட்டத்தில் இறுக்கினோம். அரிசி மூட்டையை வைத்துப் பார்த்தோம். வழுக்கிக்கொண்டு இறங்கிவிட்டது. லேத் பட்டறைக்குக் கொண்டு போனேன். இருந்தது சாதாரண வெல்டிங். டைட்டானியத்தில் அதை வைத்தால் அந்த இடம் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். காற்றுப் படாமல் காக்கிற கேஸ் தென்காசியில் இல்லை, திருநெல்வேலியிலும் இல்லை. கப்பலுக்கு ஒட்டுப் போடுகிறவன் ஒரு கேரியரை ஒட்ட வக்கில்லாமல் பட்டறை வாசலில் நின்றேன்.

ஆவணியில் ஆவுடையப்பன் பஸ்ஸில் வந்து இறங்கினான். அக்கா வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டாள். நன்றாகச் சாப்பிட்டான். கை கழுவியதும் நேராகச் சைக்கிளிடம்தான் போனான். ஹேண்டிலைத் திருப்பினான், டயரை அமுக்கினான், பளபளக்கிற சட்டத்தை வேட்டி நுனியால் துடைத்தான். வடிவு பட்டுச் சேலை கட்டி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்து, டிரங்குப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

அவளைப் பார்த்தான். பின்சக்கரத்தைப் பார்த்தான்.

"இதுல எடம் இல்லியே. நீ பஸ்ல வந்துரு" என்றான். வேட்டியை மடித்துக் கட்டினான். ஏறி மிதித்தான். தெருமுனை திரும்பும்போது பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள். அவன் ஒரு கையை விட்டு ஓட்டிக் காட்டினான்.

டிரங்குப் பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வடிவு என் பின்னால் நடந்து வந்தாள். சாரல் பிடித்திருந்தது. பட்டுச் சேலையின் கரை நனைந்துவிட்டது. மேலகரத்துக்கு ஒரு டவுன் பஸ் நின்றது. ஜன்னல் ஓரமாக உட்கார வைத்து, பெட்டியைக் காலடியில் தள்ளினேன். அடுத்த லீவுக்கு வரும்போது கேரியர் வைத்த நல்ல சைக்கிளாக ஒன்று கொண்டுவருகிறேன் என்றேன். அவள் நனைந்த கரையைப் பிழிந்துவிட்டாள்.

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். வடிவு கம்பிக்கு வெளியே குனிந்தாள்.

"மாமா, அந்தச் சைக்கிளு எத்தன வருசம் ஒழைக்கும்?"

வீட்டுப் பேரன் ஓட்டுவான் என்று சீனக் கடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. "நல்லா ஒழைக்கும்மா" என்று மட்டும் சொன்னேன்.

"ம்" என்றாள். பஸ் கிளம்பிவிட்டது.